முடிந்த ஆட்டமும் பொறியின் தீர்ப்பும்: சதுரங்கப் பகுப்பாய்வின் வரலாறு பற்றிய சில குறிப்புகள்

சதுரங்க ஆட்டமொன்று முடிவடைந்தபின் அதனை முதல் நகர்விலிருந்து மீண்டும் ஆடிப் பார்த்து, வெற்றி எவ்விடத்திற் கைகூடியது, எவ்விடத்திற் கைநழுவியது என ஆராய்தல் அவ்வாட்டத்தின் நீண்டகால மரபாகும். தோற்றவரும் வென்றவரும் ஒரே பலகையின் இரு பக்கத்திலும் அமர்ந்து இதனைச் செய்தனர், பின்னர் ஆசிரியர்கள் செய்தனர், நூல்கள் செய்தன. இன்று இப்பணி பெரும்பாலும் கணனிப் பொறியிடம் ஒப்படைக்கப்பட்டுள்ளது. ஆட்டத்தின் நகர்வுகளைப் பொறிக்கு ஊட்டினால், ஒவ்வொரு நகர்வுக்கும் ஓர் எண்ணையும், அதனிலும் மேலான நகர்வு யாதென்பதையும், செய்யப்பட்ட நகர்வினால் நேர்ந்த இழப்பின் அளவையும் அது சில நிமிடங்களிற் காட்டிவிடுகிறது. உலகச் சம்பியனின் ஆட்டமும் பாடசாலை மாணவனின் ஆட்டமும் ஒரே தராசில் நிறுக்கப்படுகின்றன.

இதனை வெறும் தொழில்நுட்ப வளர்ச்சியாக மட்டும் நோக்குதல் போதாது. நடந்து முடிந்த மனிதச் செயலொன்றினைப் பின்வந்த அறிவு எவ்வாறு மதிப்பிடுதல் வேண்டும் என்ற வினா இதில் அடங்கியுள்ளது. இலக்கிய வரலாற்றைப் பயில்வோர் இவ்வினாவை ஏற்கெனவே அறிவர். பண்டைய படைப்பொன்றை இன்றைய அளவுகோல் கொண்டு அளந்து குறைகூறுவதும், அது தோன்றிய காலத்தின் பெயரால் அதன் குறைகள் யாவற்றையும் மன்னித்துவிடுவதும் நமது விமரிசனத்தில் மாறிமாறித் தோன்றும் இரு வழுக்களாகும். சதுரங்கப் பகுப்பாய்வின் வரலாறு இவ்விரு வழுக்களையும் மிகத் தெளிவான வடிவிற் காண வாய்ப்பளிக்கின்றது. அவ்வரலாற்றின் சில கட்டங்களைச் சுட்டி, ‘தவறு’ என்ற கருத்து எவ்வாறு மாறிவந்துள்ளது என்பதையும், தீர்ப்புக் கூறும் கருவி யாருக்கு உரியது என்பதையும் நாம் இக்கட்டுரையில் நோக்குவோம்.

1. பொறிக்கு முந்திய பகுப்பாய்வு

முடிந்த ஆட்டத்தை ஆராய்தலை ஒரு சமூக நிறுவனமாக வளர்த்த பெருமை சோவியத் நாட்டுக்குரியது. 1924இல் நிக்கொலாய் கிரிலென்கோவின் தலைமையிற் சதுரங்கம் அரச ஆதரவு பெற்ற வெகுசன இயக்கமாக அமைக்கப்பட்டது. 1925இல் மொஸ்கோவிற் பெரும் சர்வதேசப் போட்டியொன்று நடைபெற்றது. இவ்வியக்கத்தில் உருவானவரே மிகையில் பொட்வின்னிக். மின்பொறியியலாளரான அவர், 1948இல் உலகச் சம்பியனானார். வீரரொருவர் தமது ஆட்டங்களைத் தாமே விரிவாக ஆராய்ந்து, அவ்வாய்வைப் பிறர் பார்வைக்கு வெளியிடுதல் வேண்டும் என்பது அவர் வலியுறுத்திய முறை. பிறர் மறுக்கக்கூடிய வகையில் அச்சில் வந்தபின்னரே ஆய்வு ஆய்வாகும் என்பது இதன் உட்கிடை. சுயவிமரிசனம் என்ற அரசியற் கருத்து இங்கே தொழில்முறைப் பயிற்சியாக வடிவெடுத்தது எனலாம்.

1962இல் பல்கேரியாவின் வர்ணா நகரில் நடந்த ஒலிம்பியாட் போட்டி இம்முறையின் வலிமையைக் காட்டும். பொட்வின்னிக்குக்கும் இளைஞரான அமெரிக்கர் பொபி ஃபிஷருக்குமிடையிலான ஆட்டம் இடைநிறுத்தப்பட்டபோது ஃபிஷரின் நிலை மேலோங்கியிருந்தது. அன்றிரவு சோவியத் அணியினர் கூடி ஆராய்ந்தனர். காப்பதற்கான வழியை யெஃபிம் கெல்லர் கண்டார். மறுநாள் ஆட்டம் சமநிலையில் முடிந்தது. விவாதம் அத்துடன் ஓயவில்லை. 1969இல் வெளிவந்த தமது நூலில், வெற்றிக்கு வழியிருந்தது என ஃபிஷர் நிறுவ முயன்றார். பொட்வின்னிக் அதனைத் தமது சதுரங்கப் பாடசாலையில் ஆய்வுக்குரிய பொருளாக வைத்தார். அங்கு பயின்ற சிறுவன் கரி காஸ்பரோவ் ஃபிஷரின் வாதத்தில் ஓட்டையொன்றைக் கண்டான்.

இம்மரபின் இயல்பு மனங்கொள்ளத்தக்கது. தீர்ப்பு என்பது இங்கே காரணத்துடன் கூடிய கூற்று. அதனை யாரும் பலகையில் வைத்துச் சோதிக்கலாம். சம்பியனைச் சிறுவன் மறுக்கலாம். ஆயின் இதனைப் பொற்காலமாகப் புனைந்துரைக்கவும் இடமில்லை. வர்ணாவில் ஓர் அரசின் அணிபலம் முழுவதும் ஒரு பக்கத்தில் நின்றது. கிரிலென்கோ, தாம் கட்டியெழுப்ப உதவிய அதே அரசினால் 1938இற் சுட்டுக்கொல்லப்பட்டார். கூட்டறிவு என்பது எக்காலத்திலும் அதிகார உறவுகளுக்கு வெளியே நின்றதில்லை.

2. ஆடுபவன் நீதிபதியாதல்

கணனி முதலில் ஆடுபவனாகவே கற்பனை செய்யப்பட்டது. குளோட் ஷனன் 1950இல் வெளியிட்ட கட்டுரையில், நடைபெறத்தக்க ஆட்டங்களின் எண்ணிக்கை 10இன் 120ஆம் அடுக்கினை ஒட்டியது எனக் கணித்து, அனைத்தையும் எண்ணித் தீர்த்தல் இயலாது எனக் காட்டினார். ஆகவே பொறி இரு காரியங்களைச் செய்தல் வேண்டும்: குறிப்பிட்ட ஆழம்வரை நகர்வுகளின் கிளைகளைத் தேடுதல், தேடல் நிற்கும் இடத்தில் நிலைமையை ஓர் எண்ணால் மதிப்பிடுதல். அலன் ரியூறிங் 1952இல், தமது நிரலை இயக்கத்தக்க கணனி இல்லாமையால், கடதாசியிற் கையாற் கணக்கிட்டு ஓர் ஆட்டத்தை நடத்தினார். அதில் நிரல் தோற்றது. 1974இல் ஸ்ரொக்ஹோமில் நடைபெற்ற முதலாவது உலகக் கணனிச் சதுரங்கப் போட்டியில் சோவியத் நிரலான ‘கயிஸா’ வென்றது.

இன்றைய பொறியும் அடிப்படையில் ஷனன் வகுத்த வழியிலேயே செல்கிறது. அது தரும் எண் பெரும்பாலும் ஒரு காலாளின் பெறுமதியை அலகாகக் கொண்டது. ஒன்று என்ற மதிப்பு, ஒரு காலாள் மிகுதியாக இருப்பதற்கு ஒப்பான மேலாண்மையைச் சுட்டும். சிறந்த நகர்வின் மதிப்புக்கும் ஆடப்பட்ட நகர்வின் மதிப்புக்குமுள்ள வேறுபாடே ‘இழப்பு’. இவ்விழப்புகளின் சராசரியே ஒருவரது ஆட்டத்தின் ‘துல்லியம்’ எனப் பேசப்படுவதற்கு அடிப்படை. தேடலை இன்னும் ஆழப்படுத்தினால் எண் மாறும். சிறந்த நகர்வென்று காட்டப்பட்டதும் சிலவேளை மாறும். இவ்வெண் ஒரு மதிப்பீடே, நிரூபணமாகாது.

நிரூபணம் கிட்டிய இடமும் உண்டு. காய்கள் மிகக் குறைந்த இறுதிநிலைகளில், பெல் ஆய்வுகூடத்தைச் சேர்ந்த கென் தொம்சன், முடிவிலிருந்து பின்னோக்கிச் சென்று எல்லா நிலைகளையும் கணக்கிடும் முறையை வளர்த்தார். அரசனும் இரு பிஷப் காய்களும் ஒரு பக்கம், அரசனும் குதிரையும் மறுபக்கம் என அமையும் இறுதிநிலையில், குதிரையை உடையவர் காத்துக்கொள்ளத்தக்க அரண் ஒன்று உண்டென 1851இல் கிளிங், ஹோர்விற்ஸ் ஆகியோர் எழுதியிருந்தனர். ஏறத்தாழ 130 ஆண்டுகள் ஆசிரியர்கள் அதனை ஏற்றிருந்தனர். 1980களின் தொடக்கத்தில் தொம்சனின் அட்டவணை அக்கருத்தைத் தகர்த்தது: அரண் உடைக்கத்தக்கது, மிக நீண்ட வெற்றிக்கு 66 நகர்வுகள் தேவை. 2012இல் மொஸ்கோ அரச பல்கலைக்கழகத்தின் மீக்கணனியில், பலகையில் ஏழு காய்கள் வரை எஞ்சும் நிலைகள் கணக்கிட்டுத் தீர்க்கப்பட்டன.

இவ்வட்டவணையை முதன்முதல் நோக்கிய வல்லுநர்கள் ஒரு புதிய நிலைமையை எதிர்கொண்டனர். சரியான நகர்வு எது என்பது ஐயமற அறியப்பட்டது. ஏன் என்பது எவர்க்கும் விளங்கவில்லை. அறிதலும் விளங்கிக்கொள்ளலும் இங்கே பிரிந்து நின்றன.

3. நியூயோர்க், 1997

இப்பிரிவு மனித நாடகமாக வெளிப்பட்ட தருணம் 1997 மே மாதம் நியூயோர்க்கில் நிகழ்ந்தது. ஐ.பி.எம். நிறுவனத்தின் ‘டீப் புளூ’, 480 தனிச் சிறப்புச் சில்லுகளைக் கொண்டு விநாடிக்கு ஏறத்தாழ 20 கோடி நிலைகளை ஆராய்ந்தது. மே 3ஆந் திகதி முதல் ஆட்டத்தில் காஸ்பரோவ் வென்றார். மறுநாள் நடந்த இரண்டாம் ஆட்டத்திற் பொறி, கைக்கெட்டிய காலாட்களைக் கவராது, எதிர்த்தாக்குதலுக்கான வழியை முதலில் அடைத்தது. பொறி பொருளாசை கொண்டது என்ற அன்றைய எண்ணத்துக்கு இது முரணானது. 45ஆம் நகர்வின் பின் காஸ்பரோவ் தோல்வியை ஒப்புக்கொண்டு எழுந்தார்.

முடிந்த ஆட்டத்தைக் கணனிகளின் துணையுடன் ஆராய்ந்தோர், அந்நிலையில் இராணியைக் கொண்டு இடைவிடாது ‘செக்’ கொடுத்து ஆட்டத்தைச் சமநிலைப்படுத்தும் வழி இருந்ததென மறுநாளே அறிவித்தனர். தோற்காத நிலையிலே தோல்வியை ஏற்றுக்கொண்டமை காஸ்பரோவின் மனத்தை வெகுவாகப் பாதித்தது. மனிதர் எவரோ மறைந்திருந்து உதவினரோ என்ற ஐயத்தை அவர் எழுப்பினார். பொறியின் பதிவுகளைக் கோரினார். அடுத்த மூன்று ஆட்டங்களும் சமநிலையாயின. மே 11ஆந் திகதி ஆறாம் ஆட்டத்தில் 19 நகர்வுகளில் அவர் வீழ்ந்தார். பொறியின் புள்ளிகள் மூன்றரை, அவருடையவை இரண்டரை.

45ஆம் நகர்வில் நேர்ந்த தவறு யாது? பொறி காட்டும் எண் பலகையில் உள்ளதையே கூறும். காஸ்பரோவோ பலகையை மட்டும் பார்த்து ஆடவில்லை. இத்துணை ஆழமாக ஆடிய பொறி, இத்தகைய எளிய தப்பும் வழியை விட்டுவைத்திராது என அவர் நம்பினார், ஆகவே தேடவில்லை. முதலாம் ஆட்டத்தின் 44ஆம் நகர்வு பற்றிப் பின்னர் வெளியான செய்தி இதனை மேலும் தெளிவாக்குகிறது. அந்நகர்வு நிரலில் இருந்த வழுவொன்றினால் விளைந்ததென, பொறியை ஆக்கியோருள் ஒருவரான மரே காம்பெல் கூறியது 2012இல் வெளியான நூலொன்றில் இடம்பெற்றது. காஸ்பரோவின் தரப்பினரோ அதனை ஆழ்ந்த தீர்க்கதரிசனத்தின் விளைவாகக் கருதினராம். மனிதர் தம் கைப்படைப்புக்குத் தாமே ஆற்றலேற்றி, அதன்முன் தாமே பணிந்து நிற்பதைப் பற்றி மார்க்ஸ் ‘மூலதனம்’ நூலிற் கூறியவை இங்கே நினைவுக்கு வருகின்றன. தவறின் வேர் பலகைக்கு வெளியே, மனிதனுக்கும் இயந்திரத்துக்கும் இடையிலான உறவில் இருந்தது.

இருபது ஆண்டுகளின் பின், 2017இல் வெளியிட்ட நூலில் காஸ்பரோவ் இவ்வாட்டங்களுக்குத் திரும்பினார். சாதாரணக் கணனியில் இயங்கும் புதிய பொறிகள் டீப் புளூவை விஞ்சியிருந்த காலம் அது. அவற்றின் துணையுடன் மீளாய்ந்து, தமது ஆட்டத்தின் குறைகளையும் தாம் அன்று கொண்ட கோபத்தையும் அவர் மறுபரிசீலனை செய்தார். தீர்ப்பளித்த பொறியும் பின்வந்த பொறியாற் தீர்ப்பிடப்படுகிறது.

4. ‘தவறு’ எனும் கருத்து

2018 நவம்பரில் லண்டனில் நடைபெற்ற உலகச் சம்பியன் போட்டியின் ஆறாம் ஆட்டத்தில் மக்னஸ் கார்ல்சனை எதிர்த்து ஃபபியானோ கருவானா ஆடினார். 68ஆம் நகர்வில் அவருக்கு வெற்றி இருந்ததென நோர்வேயில் இயங்கிய ‘செஸே’ என்னும் மீக்கணனி காட்டியது. ஆயின் அவ்வெற்றிக்கு முப்பதுக்கும் மேற்பட்ட நகர்வுகள் தேவை. இடையில் தமது குதிரையைத் தாமே பலகையின் ஓரத்திற் சிறைப்படுத்தவும் வேண்டும். அப்படியொரு நகர்வு மனித அனுபவத்துக்கு முற்றிலும் அந்நியமானது. ஆட்டம் சமநிலையில் முடிந்தது. பன்னிரண்டு ஆட்டங்களும் சமநிலையான அப்போட்டியில், கிடைத்திருக்கக்கூடிய ஒரேயொரு வெற்றி கிரீடத்தையே மாற்றியிருக்கும். பொறியைப் பார்த்துக்கொண்டிருந்தோர், கருவானா ‘வெற்றியைத் தவறவிட்டார்’ என்றனர்.

எவராலும் காண இயலாத ஒன்றைக் காணாமை தவறாகுமா? நாம் இரு பொருள்களைப் பிரித்தறிதல் வேண்டும். நிலைமையின் புறநிலை உண்மைக்கும் செய்யப்பட்ட நகர்வுக்கும் உள்ள தூரம் ஒன்று. அக்காலத்து அறிவு, கடிகாரத்தில் எஞ்சிய நேரம், களைப்பு, எதிரி ஆகிய நிலைமைகளுக்குட்பட்ட ஒருவருக்குச் சாத்தியமாயிருந்ததற்கும் அவர் செய்ததற்கும் உள்ள தூரம் மற்றொன்று. பொறி முதலாவதை அளக்கும். வரலாறு கேட்பது இரண்டாவதையே. மனிதர் தம் வரலாற்றைத் தாமே ஆக்குகின்றனர், ஆயின் தாம் தேர்ந்தெடுத்த சூழ்நிலையில் அன்று என்ற மார்க்சியக் கருத்து சதுரங்கப் பலகைக்கும் பொருந்தும்.

1960இல் மொஸ்கோவில் பொட்வின்னிக்கை எதிர்த்த போட்டியின் ஆறாம் ஆட்டத்தில், மிகையில் தால் 21ஆம் நகர்விற் குதிரையொன்றைப் பலியிட்டார். அப்பலி முற்றிலும் செம்மையானதன்று எனப் பின்வந்த ஆய்வு காட்டியது. ஆயின் நேரம் குறைந்திருந்த பொட்வின்னிக் சரியான காப்பைக் காணவில்லை; தால் வென்றார்; அப்போட்டியில் உலகச் சம்பியனுமானார். பொறியின் பட்டியலில் இந்நகர்வு இழப்பாகப் பதிவாகும். எதிரில் அமர்ந்திருந்த மனிதனை எந்நிலைக்குள் தள்ளியது என்பதே அந்நகர்வின் பொருள். அதற்கு அப்பட்டியலில் நிரல் இல்லை.

2006இல் லுபிலியானாப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மதேஜ் குயிட், இவான் பிராற்கோ ஆகியோர், ‘கிராஃப்ரி’ என்ற நிரலைக் கொண்டு உலகச் சம்பியன் போட்டிகளின் ஆட்டங்களை ஆராய்ந்தனர். சராசரி இழப்பு மிகக் குறைந்தவர் கபபிளாங்கா என்பது அவர்கள் கண்ட முடிவு. அந்நிரல் சில சம்பியன்களிலும் வலிமை குன்றியது என்ற கண்டனம் எழுந்தது. வேறு நிரல்களைக் கொண்டும் அவர்கள் ஆய்வைத் தொடர்ந்தனர். இவ்வாய்வின் சிறப்பு வேறொரு கூறில் உள்ளது. நிலைமைகளின் சிக்கலையும் அவர்கள் அளக்க முற்பட்டனர். கபபிளாங்காவின் ஆட்டங்கள் ஒப்பீட்டளவில் எளிமையான நிலைகளை நாடியவை என்பதும் அதனால் வெளிப்பட்டது. இடர்மிகு பொருளைத் தொடாத கவிஞனிடம் வழு குறைவாயிருத்தல் இயல்பு. வழுக்களை எண்ணி இலக்கியத்தைத் தரப்படுத்த முனைந்த பழைய இலக்கணவாத விமரிசனத்தின் குறையும் இதுவே.

எண்களைப் புறக்கணிக்கவேண்டும் என்பது நமது கருத்தன்று. கிளிங், ஹோர்விற்ஸ் ஆகியோரின் அரண் உடைந்தது உடைந்ததே. அவர்களது காலச்சூழல் அக்கருத்தை விளக்கும், அதனை உண்மையாக்காது. புறநிலை உண்மையை மறுத்துவிட்டு ‘அவரவர் காலத்துக்கு அவரவர் சரி’ எனச் சாதிப்பது வரலாற்றுணர்வு ஆகாது. பொறியின் எண், விளக்கம் தொடங்கவேண்டிய இடம். முடிந்த ஆட்டத்தை ஆராய்பவர், இரு வீரரும் நினைத்தவற்றை முதலிற் பதிவுசெய்து, ஒவ்வொரு நகர்வுக்கும் செலவிட்ட நேரத்தையும் குறித்துக்கொண்டு, அதன்பின்னரே பொறியை நாடுதல் வேண்டும். வேறுபாடு தோன்றும் இடங்களில் அதற்கான காரணத்தைத் தேடுதல் வேண்டும். ஆட்டம் முடிந்த மறுகணமே பொறியைத் திறந்து எண்ணை ஏற்றுக்கொள்ளும் மாணவன், தனது சிந்தனை எவ்விடத்தில் வழிதவறியது என்பதை ஒருபோதும் அறியான்.

5. பொறியினுள் மறைந்துள்ள உழைப்பு

1770இல் வியன்னா அரசவையில் கெம்பெலன் காட்சிப்படுத்திய ‘துருக்கியன்’ என்ற சதுரங்க இயந்திரத்தினுள் மனிதனொருவன் ஒளிந்திருந்து ஆடினான். 1854இல் பிலடெல்பியாவில் தீக்கிரையாகும்வரை அது பலரை மயக்கியது. 1940இல் வோல்ற்றர் பெஞ்சமின், வரலாறு பற்றிய தமது கருத்துரைகளை இவ்வியந்திரத்தின் உவமையுடனேயே தொடங்கினார். 1997இல் காஸ்பரோவ் கொண்ட ஐயமும் இதே வடிவினது. டீப் புளூவினுள் மறைந்திருந்து ஆடியவர் எவருமிலர் என்றே கொள்ளலாம். ஆயினும் வேறொரு பொருளில் அதனுள் மனிதர் நிறைந்திருந்தனர். பொறியியலாளரின் பல்லாண்டு உழைப்பு, ஆலோசகராக இருந்த வல்லுநர்களின் அறிவு, பொறிக்கு ஊட்டப்பட்ட ஏறத்தாழ 7 இலட்சம் ஆட்டங்களில் உறைந்த தலைமுறைகளின் சிந்தனை ஆகியவை அதனுள் இருந்தன. கடந்தகால உழைப்பு இயந்திரமாகத் திரண்டு, உயிருள்ள உழைப்பின் எதிரே அந்நியச் சக்தியாக நிற்பதை அன்று உலகம் கண்டது. வென்றபின் நிறுவனம் அப்பொறியை ஓய்வுறச் செய்தது. அதன் பாகங்கள் இரு அமெரிக்க அருங்காட்சியகங்களுக்குச் சென்றன.

இதற்கு மாறானதோர் உற்பத்தி முறையும் தோன்றியுள்ளது. 2008இல் தொடங்கிய ‘ஸ்ரொக்ஃபிஷ்’ பொறியின் நிரல் யாவர்க்கும் திறந்தது. எவரும் பயன்படுத்தலாம், மாற்றலாம், ஆயின் மாற்றியதை வழங்கும்போது அதன் மூலநிரலையும் அதே உரிமையுடன் வழங்குதல் வேண்டும். 2013 முதல், பல நாட்டுத் தன்னார்வலர்கள் தம் கணனிகளின் ஓய்வு நேரத்தை அதன் சோதனைக்கு அளித்து வருகின்றனர். 2020இல், யப்பானியச் சதுரங்கமான ஷோகியின் நிரலாளரொருவர் உருவாக்கிய நரம்பு வலையமைப்பு முறை அதனுடன் இணைக்கப்பட்டது. இன்று சிற்றூரொன்றில் உள்ள மாணவனும் தன் ஆட்டத்தை விலையின்றி ஆராயத்தக்கதாயிருப்பது இக்கூட்டுழைப்பின் பயனேயாகும்.

பொதுவில் ஆக்கப்பட்டது தனியுடைமையாகும் முயற்சியும் பின்தொடர்ந்தது. ஸ்ரொக்ஃபிஷை அடிப்படையாகக் கொண்ட பொருள்களை, உரிமைப் பத்திரத்தின் நிபந்தனைகளை மீறி விற்றதாகக் கூறி, அதன் ஆக்குநர்கள் 2021இல் ஜேர்மனியின் செஸ்பேஸ் நிறுவனத்தின்மீது வழக்குத் தொடுத்தனர். 2022 நவம்பரில் வழக்கு இணக்கத்தில் முடிந்தது. ஓராண்டுக்கு அந்நிறுவனம் அத்தகைய பொருள்களை விற்பதில்லை எனவும், உரிமை நிபந்தனைகளைக் கண்காணிக்க ஓர் அலுவலரை நியமிப்பதெனவும் உடன்பாடாயிற்று. தீர்ப்புக் கூறும் கருவியின் உடைமை இன்னும் போராட்டத்துக்குரிய பொருளாகவே உள்ளது என்பதற்கு இது சான்று.

முடிவுரை

மேற்கூறியவற்றிலிருந்து இரு முடிவுகளை நாம் பெறலாம். முதலாவது, கருவி பொதுவுடைமையாதல் மட்டும் போதாது; அதன் தீர்ப்பை வினவும் ஆற்றலும் பொதுவாதல் வேண்டும். வர்ணா ஆட்டத்தைப் பாடசாலை மாணவர் மறுத்தாராய்ந்த காலத்தில் கருவி வலிமையற்றதாயிருந்தது. வினவும் மரபு வலிமையுடன் இருந்தது. இன்று நிலைமை தலைகீழாகியுள்ளது. புதிய கருவியுடன் பழைய விவாத மரபை இணைப்பது ஆசிரியர்க்கும் சதுரங்கக் கழகங்களுக்கும் உரிய கடமையாகும்.

இரண்டாவது நமது துறையைச் சார்ந்தது. நூல்களையும் கணனி எண்ணி மதிப்பிடும் காலம் வந்துவிட்டது. சொற்களின் வருகையைக் கணக்கிட்டு ஆசிரியரையும் காலத்தையும் துணிதல் ஏற்கெனவே நடைபெற்று வருகிறது. அவ்வெண்களை அஞ்சவும் வேண்டா, வணங்கவும் வேண்டா. அவை கூறும் உண்மையை ஏற்று, அவை கூறாத காரணத்தை அப்படைப்பு எழுந்த சமூக நிலைமைகளில் தேடுவதே திறனாய்வாளரின் பணி. அப்பணியை எப்பொறியும் நம் கையிலிருந்து இன்னும் வாங்கிக்கொள்ளவில்லை. நாமாகவே கைவிடாதிருத்தல் வேண்டும்.